கைப்பேசி இணைப்பைத் துறக்கும்போதும் உடன்படிக்கை உடன்படிக்கையே



கொடுக்கல் வாங்கலைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் அதன் தொடக்கத்தையே பேசுகிறோம். விலையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், சாட்சி வேண்டும், எழுதிக்கொள்ள வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். ஆனால் செய்துகொண்ட உடன்படிக்கையிலிருந்து எவ்வாறு வெளியேறுவது என்பதைக் குறித்து நம் வீடுகளில் போதிய பேச்சு இல்லை. வாடகை வீட்டைக் காலி செய்யும்போதும், வேலையை விட்டு விலகும்போதும், கூட்டு வியாபாரத்தைப் பிரிக்கும்போதும் எழும் மனக்கசப்புகளில் பெரும்பகுதி இந்தக் கல்வி இல்லாமையால் வருவனவே. இவற்றுள் மிகச் சிறியதாகத் தோன்றுவதும், ஆனால் இன்று ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் இருப்பதுமான ஓர் உடன்படிக்கையை இங்கே எடுத்துக்கொள்வோம். அதுதான் கைப்பேசி இணைப்பு.

நாட்றாம்பாளையமும் அஞ்செட்டியும் தேன்கனிக்கோட்டையும் அடங்கிய நம் எல்லைப் பகுதியில் இந்தப் பேச்சுக்குத் தனித் தேவை இருக்கிறது. நம் பிள்ளைகள் ஓசூர் சிப்காட் ஆலைகளுக்கும் பெங்களூருக்கும் வேலைக்குச் செல்கின்றனர். அங்கே தங்கியிருக்கும்போது கர்நாடக வட்டத்தில் ஒரு சிம் வாங்குகின்றனர். சிலர் மாதக் கட்டணத்தில், அதாவது போஸ்ட்பெய்டு முறையில் வாங்குகின்றனர். சிலருக்கு ஆலை நிர்வாகமே எண் கொடுக்கிறது. பின்னர் வேலை மாறுகிறது, ஊர் மாறுகிறது, வேறு நிறுவனம் மலிவாகத் தருகிறது. பழைய சிம்மைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, இணைப்பை விட்டுவிட்டோம் என்று எண்ணிக்கொள்கின்றனர். மாதங்கள் கழிந்து நிலுவைத் தொகை கேட்டு அழைப்பு வருகிறது. சில வேளைகளில் வக்கீல் நோட்டீசும் வருகிறது. "நாங்கள் பயன்படுத்தவே இல்லையே, எதற்குப் பணம்?" என்று நம்மிடம் கேட்கும் பெற்றோர் உண்டு. "இவ்வளவு பெரிய கம்பெனிக்கு நம்முடைய சில நூறு ரூபாயால் என்ன குறைந்துவிடப் போகிறது?" என்று கேட்போரும் உண்டு. இவ்விரண்டு கேள்விகளுக்கும் மார்க்கத்தின் வெளிச்சத்திலும் நாட்டுச் சட்டத்தின் வெளிச்சத்திலும் விடை காண முயல்வோம்.

சிம்மைக் கழற்றுவது விலகல் ஆகாது

முன்கூட்டிப் பணம் கட்டும் ப்ரீபெய்டு முறையில் கடன் என்ற பேச்சு எழுவதில்லை. செலுத்திய தொகைக்கு உரிய சேவை முடிந்ததும் கணக்கு முடிகிறது. மாதக் கட்டண முறை அவ்வாறன்று. அதில் நிறுவனம் முதலில் சேவையைத் தருகிறது, நாம் பின்னர் கூலியைத் தருகிறோம். ஃபிக்ஹு நூல்களில் இஜாரா என்ற தலைப்பில் நாம் ஓதும் வாடகை உடன்படிக்கைக்கு மிக நெருக்கமானது இது. வீட்டை வாடகைக்கு எடுத்தவர் பூட்டைப் போட்டுவிட்டு வெளியூர் சென்றால், "நான் அங்கே உறங்கவில்லையே" என்று சொல்லி வாடகையை மறுக்க முடியாது. சாவியை உரிமையாளரிடம் ஒப்படைக்கும் வரை வீடு அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. சிம்மைக் கழற்றிப் போட்டவரின் நிலையும் இதுவே. இணைப்பை மூடுமாறு அறிவிக்காத வரை எண் அவர் பெயரில் ஒதுக்கப்பட்டிருக்கிறது, மாத வாடகையும் ஏறிக்கொண்டிருக்கிறது.

அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே இறைநம்பிக்கையாளர்களை அழைத்து, செய்துகொண்ட உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு ஏவுகிறது. அங்கே உடன்படிக்கை சிறியதா பெரியதா, எதிரில் இருப்பவர் ஏழையா செல்வரா, முஸ்லிமா அல்லாதவரா என்ற பாகுபாடு சொல்லப்படவில்லை. ஆகவே "பெரிய கம்பெனிதானே" என்ற வாதத்திற்கு மார்க்கத்தில் இடமில்லை என்பதே நம் கருத்து. வசதி இருந்தும் கடனைத் தள்ளிப்போடுவது அநீதி என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் அறிவோம். கடன் கொடுத்தவர் யார் என்பதைப் பொறுத்து அந்த எச்சரிக்கை மாறுவதில்லை.

தாமதக் கட்டணத்தைப் பற்றியும் ஒரு சொல். கெடு தாண்டினால் நிலுவையோடு ஒரு தொகையைச் சேர்த்துக் கேட்கிறார்கள். இது வட்டியின் வகையைச் சேருமா என்பதில் ஆலிம்களிடையே விரிவான பேச்சு உண்டு. உரிய நாளில் செலுத்தி முடிப்பவர் வீட்டில் இந்தக் கேள்வி நுழைவதில்லை. சந்தேகத்திற்குரியதை விட்டு விலகி நிற்பதற்கு இதைவிட எளிய வழி வேறில்லை.

நிறுவனத்தின் மீதும் கடமை உண்டு

இதுவரை சொன்னது ஒரு தட்டு. தராசின் மறு தட்டையும் நாம் பார்க்க வேண்டும். அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் அல்முதஃப்பிஃபீன் அத்தியாயம், தாம் வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கிக்கொண்டு, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களைப் பற்றிப் பேசுகிறது. இணைப்பு கொடுக்கும்போது ஐந்து நிமிடத்தில் கொடுத்துவிட்டு, மூடக் கேட்டால் ஒவ்வொரு மேசையாக அலையவிடுவதும், மூடிய பின்னரும் வாடகையைக் கணக்கில் ஏற்றுவதும், செலுத்திய முன்பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பதும் அந்தக் கண்டனத்திற்கு உரிய நடத்தைகளே. ஒருவர் பொருளை மற்றவர் தவறான முறையில் உண்ணலாகாது, இரு தரப்பும் மனமொப்பிய வணிகமாக இருக்க வேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 29-ஆம் வசனம் காட்டும் நெறி. மனமொப்புதல் என்பது உள்ளே நுழைவதற்கு மட்டும் உரியதன்று. வெளியேறும் வழி மறைக்கப்பட்ட உடன்படிக்கையில் மனமொப்புதல் முழுமை பெறாது.

இந்த நாட்டுச் சட்டம் இவ்விடயத்தில் சந்தாதாரரைக் கைவிடவில்லை என்பதைப் பலர் அறியவில்லை. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், சேவைத் தரத்திற்காக 2009-இல் வகுத்த விதிகளில், மூடக் கோரிய இணைப்பை 7 நாட்களுக்குள் மூட வேண்டும் என்றும், முன்பணத்தை 60 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் அளவுகோல் வைத்தது. ஒருவர் ஒரு கட்டணத் திட்டத்தில் சேர்ந்தால் 6 மாதங்களுக்கு அதன் கட்டணத்தை அவருக்கு உயர்த்தக் கூடாது. ஆனால் அவர் விரும்பினால் அந்த 6 மாதத்திற்குள்ளேயே வேறு திட்டத்திற்கு மாறிக்கொள்ளலாம். கட்டுப்பாடு நிறுவனத்தின் மீது, சுதந்திரம் சந்தாதாரருக்கு என்பதே இதன் பொருள்.

நிறுவனமே சேவையை விட்டு விலக நினைத்தாலும் முன்னறிவிப்புக் கடமை உண்டு. உரிம நிபந்தனைகளின்படி சந்தாதாரர்களுக்கு 30 நாட்களுக்கு முன்னரே தெரிவிக்க வேண்டும். இந்த முன்னறிவிப்பின் மதிப்பைத் தமிழகம் 2018 பிப்ரவரியில் கண்டது. 1999-இல் தமிழகத்தில் சேவையைத் தொடங்கி மூலை முடுக்கெல்லாம் பரவியிருந்த ஏர்செல், கோபுர நிறுவனங்களுடன் ஏற்பட்ட தகராறில் அலைவரிசை இழந்தது. மக்கள் கையிலிருந்த கைப்பேசிகள் திடீரென ஊமையாயின. வேறு நிறுவனத்திற்கு மாறுவதற்கான குறுஞ்செய்தியைக்கூட அனுப்ப இயலாமல் ஏர்செல் கடைகளின் முன் கூட்டம் கூட்டமாக நின்றனர். அம்மாத இறுதியில், 28-ஆம் நாள், நிறுவனம் திவால் நடவடிக்கைக்காகத் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தை அணுகியது. சொல்லாமல் விலகுவது மற்றவரை எத்தகைய இக்கட்டில் தள்ளும் என்பதை அன்று நாம் சந்தாதாரர் பக்கம் நின்று உணர்ந்தோம். நாம் சொல்லாமல் விலகும்போது அதே செயலைச் சிறிய அளவில் செய்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண்ணை வைத்துக்கொண்டே விலகும் வழி

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதற்கும் வந்தது. ஆனால் அப்போது ஒரே தொலைத்தொடர்பு வட்டத்திற்குள் மட்டுமே மாற முடிந்தது. 2015 ஜூலை 3 முதல் ஒரு வட்டத்திலிருந்து மற்றொரு வட்டத்திற்கும் அதே எண்ணோடு மாறலாம் என்றாயிற்று. கர்நாடக எண்ணோடு ஊர் திரும்பும் நம் பிள்ளைகளுக்கு இது பெரும் உதவி. எண்ணைக் கைவிட வேண்டிய தேவையே இல்லை.

வழிமுறை எளியது. ஆங்கிலத்தில் போர்ட் என்ற சொல்லைத் தட்டி, இடைவெளி விட்டு, தம் எண்ணை எழுதி 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். தகுதி இருந்தால் ஒரு குறியீடு வரும். பெரும்பாலான மாநிலங்களில் அது 4 நாட்கள் செல்லும். அதனைப் புதிய நிறுவனத்தின் கடையில் அடையாள ஆவணத்தோடு கொடுத்தால், 2019 டிசம்பர் 16 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, ஒரே வட்டத்திற்குள் 3 வேலை நாட்களிலும், வட்டம் விட்டு வட்டம் என்றால் 5 வேலை நாட்களிலும் மாற்றம் நடந்துவிட வேண்டும். இதற்கான பரிவர்த்தனைக் கட்டணத்தை 2019-இல் டிராய் 6.46 ரூபாயாக நிர்ணயித்தது. எனவே "மாறுவதற்கு ஐநூறு ரூபாய் ஆகும்" என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

இங்கேயும் விதி இரு தரப்புக்கும் நியாயமாக நிற்பதைக் கவனிக்க வேண்டும். குறியீடு கிடைப்பதற்கு, அந்த நிறுவனத்தில் குறைந்தது 90 நாட்கள் இருந்திருக்க வேண்டும். மாதக் கட்டணச் சந்தாதாரர் எனில், கெடு முடிந்த பில் எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. விலகுவதற்கான நிபந்தனை உடன்படிக்கையில் எழுதப்பட்டிருந்தால் அது நிறைவேறியிருக்க வேண்டும். கடைசி பில்லுக்குப் பின்னர் மாறும் நாள் வரை பயன்படுத்தியதற்கு இறுதி பில் ஒன்று பழைய நிறுவனத்திடமிருந்து வரும். அதைச் செலுத்தாமல் விட்டால், பழைய நிறுவனம் முறையிட்டு, புதிய நிறுவனத்தின் வழியாக அந்த எண்ணின் சேவையைத் துண்டிக்கச் செய்ய முடியும். மாறிவிட்டோம், இனி அவர்களால் என்ன செய்ய முடியும் என்ற எண்ணம் மார்க்கத்திலும் தவறு, சட்டத்திலும் தவறு.

பிரிட்டனில் வாழும் நம் தமிழ்ச் சகோதரர்களும் இதே கேள்வியைச் சந்தித்தவர்களே. அங்கே இணைப்பை விடுவோர் ஒரு மாத முன்னறிவிப்பு தர வேண்டும் என்ற வழக்கத்தால், புதிய நிறுவனத்திற்கு மாறிய பின்னரும் பழைய நிறுவனத்திற்கும் சேர்த்து இரட்டை வாடகை செலுத்த நேர்ந்தது. அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், 2019 ஜூலை 1 முதல், மாறிய நாளுக்குப் பிந்தைய முன்னறிவிப்புக் காலத்திற்குக் கட்டணம் வாங்குவதைத் தடை செய்தது. சேவை இல்லாத நாளுக்குக் கூலி இல்லை என்னும் இந்த நியாயம், பயனுக்கு ஈடாகவே கூலி என்ற இஜாராவின் அடிப்படைக்கு மிக நெருக்கமாக இருப்பதை நாம் காண்கிறோம். ஆனால் ஒப்பந்தக் காலம் முடியும் முன்னர் விலகுவோர் ஒப்புக்கொண்ட விலகல் கட்டணத்தைச் செலுத்தவே வேண்டும். குறிப்பாக, கைப்பேசியையே தவணையில் பெற்றவர் மீதித் தவணைக்குக் கடன்பட்டவர்.

ஆலை கொடுத்த எண், தந்தை பெயரில் உள்ள எண்

ஆலை நிர்வாகம் கொடுத்த எண் தொழிலாளிக்குச் சொந்தமன்று. அது நிறுவனத்தின் பெயரில் பெற்றது. நிறுவனத்தின் ஒப்புதல் கடிதம் இன்றி அதைத் தம் பெயருக்கோ வேறு நிறுவனத்திற்கோ மாற்ற இயலாது. ஆனால் நம் இளைஞர்கள் அந்த எண்ணையே வங்கிக் கணக்கிற்கும் ஆதாருக்கும் கொடுத்து விடுகின்றனர். வேலையை விட்ட அன்று சிம்மைத் திருப்பிக் கொடுத்தவுடன், வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் யாருடைய கைக்குச் செல்கிறது என்பதை எண்ணுவதில்லை. மூடப்பட்ட எண்ணும் என்றென்றும் மூடியே கிடப்பதில்லை. குறைந்தது 90 நாட்கள் கழிந்தபின் அது வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். எனவே இணைப்பை மூடுவதற்கு முன்னர் வங்கி, ஆதார், சமையல் எரிவாயு, பிள்ளைகளின் பள்ளி ஆகிய எல்லா இடங்களிலும் புதிய எண்ணைப் பதிவு செய்துவிட வேண்டும். குடும்பத்தின் பொருளையும் மறைவான செய்திகளையும் காப்பது அமானிதம். நம்மால் இயன்ற கயிற்றைக் கட்டிய பின்னரே தவக்குல் வைக்க வேண்டும்.

இன்னொரு வழக்கம், மகன் பயன்படுத்தும் எண் தந்தையின் பெயரில் இருப்பது. மனைவி பயன்படுத்துவது கணவரின் பெயரில் இருப்பது. மகன் நிலுவை வைத்தால் ஏட்டில் கடன்காரர் தந்தையே. இதனை வீட்டில் அமர்ந்து பேசி, யார் பயன்படுத்துகிறாரோ அவர் பெயரிலேயே இணைப்பை வைத்துக்கொள்வது பின்னர் வரும் வருத்தத்தைத் தடுக்கும்.

ஜனாஸாவின் முன் நிற்கும் கேள்வி

நம் ஊர்களில் ஜனாஸா தொழுகைக்கு முன்னர், மய்யித்திற்குக் கொடுக்க வேண்டிய கடன் ஏதேனும் இருந்தால் வாரிசுகளிடம் தெரிவிக்குமாறு அறிவிக்கிறோம். அழகிய வழக்கம் அது. மூன்று தீனார் கடனோடு இறந்த ஒருவருக்குத் தாமே தொழவைக்க முன்வராமல் நபி (ஸல்) அவர்கள் நின்றதும், அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனை ஏற்ற பின்னரே தொழவைத்ததும் ஸஹீஹுல் புகாரீயில் இடம்பெற்ற செய்தி. வாரிசுரிமையைச் சொல்லும் அந்நிஸா அத்தியாயத்தின் வசனங்களும் வஸிய்யத்தும் கடனும் நிறைவேறிய பின்னரே சொத்துப் பங்கீடு என்கின்றன.

ஆனால் அந்த அறிவிப்பைக் கேட்டு எழுந்து வர, தொலைபேசி நிறுவனத்தின் ஆள் எவரும் நம் ஸஃப்பில் நிற்பதில்லை. மளிகைக் கடைக்காரர் சொல்வார், கைமாற்றுக் கொடுத்தவர் சொல்வார். மாதக் கட்டண இணைப்பு, பிராட்பேண்டு, தானாகவே வங்கியிலிருந்து பிடித்துக்கொள்ளும் சந்தாக்கள் ஆகியன வாய் திறவாதவை. வாரிசுகளே தேடிச் சென்று, இறப்புச் சான்றிதழைக் கொடுத்து இணைப்பை மூடி, இறுதி பில்லைத் தீர்க்க வேண்டும். கடனைப் பற்றிய வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனமாக அல்பகராவில் அமைந்திருப்பதும், அது எழுதி வைப்பதை வலியுறுத்துவதும் நம் கவனத்திற்குரியவை. ஒவ்வொரு குடும்பத் தலைவரும் தம் பெயரில் உள்ள இணைப்புகளையும் சந்தாக்களையும் ஒரு தாளில் எழுதி, மனைவி மக்கள் அறிந்த இடத்தில் வைப்பாராக. இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு செயலை மட்டும் எடுத்துக்கொள்வதானால் அது இதுவாக இருக்கட்டும்.

நியாயமற்ற பில் வந்தால்

மூடிய பின்னரும் வாடகை கேட்டால் என்ன செய்வது? பொறுமை என்ற பெயரில் வாய்மூடிக் கட்டுவதும் வேண்டாம். கோபத்தில் முழுத் தொகையையும் மறுப்பதும் வேண்டாம். உண்மையில் பயன்படுத்தியதற்கான தொகையை ஒப்புக்கொண்டு செலுத்தி, மறுக்கும் பகுதியை எழுத்தில் மறுக்க வேண்டும். மூடக் கோரிய நாளும் அப்போது பெற்ற கோரிக்கை எண்ணும் கையில் இருப்பது இங்கேதான் பயன் தரும். கடையில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்தவருக்குச் சான்று இராது. தானியங்கிப் பிடித்தம் கொடுத்திருந்தால் அதையும் வங்கியில் ரத்துச் செய்ய வேண்டும். 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, அட்டை வழியான இத்தகைய பிடித்தங்களுக்கு 24 மணி நேரத்திற்கு முன்னரே வங்கி அறிவிப்பு அனுப்புகிறது. அந்தக் குறுஞ்செய்திகளைப் படிக்காமல் அழிக்க வேண்டாம்.

முறையீட்டிற்கு 2012-ஆம் ஆண்டின் டிராய் விதிகள் இரண்டு படிகளை வைத்துள்ளன. முதலில் நிறுவனத்தின் புகார் மையம். அங்கே தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. அதற்கும் பின்னர் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைபேசி வழக்குகளை அங்கே கொண்டு செல்ல இயலாது என்று முன்னர் சொல்லப்பட்டு வந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் நிராகரித்தது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பெங்களூரில் வாங்கிய இணைப்பிற்காக நாட்றாம்பாளையத்துக்காரர் பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை, தம் மாவட்டத்திலேயே முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கிற்குக் கட்டணமும் இல்லை. அதற்கு முன்னர் ஆலோசனை வேண்டுவோர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

நம் மஹல்லாக்களில் படித்த இளைஞர்கள் பலர் இருக்கின்றனர். முதியோருக்கும் கணவரை இழந்த சகோதரிகளுக்கும் இக்காரியங்களைச் செய்து கொடுக்க ஜும்ஆ தொழுகைக்குப் பின்னர் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். குறுஞ்செய்தி அனுப்பவும், கடிதம் எழுதவும், பில்லைப் படித்துச் சொல்லவும் பெரிய செலவு ஏதுமில்லை. அப்படி உதவுவோர் பிறருடைய குறியீடுகளையும் கடவுச்சொற்களையும் தம்மிடம் வைத்துக்கொள்ளலாகாது என்பதையும் ஜமாஅத்தார் கண்டிப்புடன் சொல்ல வேண்டும்.

கொடுக்க வேண்டியதை ஒரு பைசா குறையாமல் கொடுக்கவும், வர வேண்டியதை ஒரு பைசா மிகாமல் கேட்டுப் பெறவும், எவருடைய ஹக்கும் கழுத்தில் தொங்காத நிலையில் அவனைச் சந்திக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.